நாற்காலியைத் தள்ளிப் போட்ட பரீட்சை

நான் டாக்டர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மருத்துவக் கல்லூரியில் வேலை என்று தெரிந்ததிலிருந்து முத்தியால்பேட்டையில் எங்கள் தெருவில் பாதிப் பேர் முட்டி வலிக்கு என்னிடம் மருந்து கேட்கிறார்கள். நான் அங்கே புள்ளியியல் சொல்லிக்கொடுக்கிறவள். டாக்டர்கள் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதும்போது, "மேடம், இதக் கொஞ்சம் கூட்டிக் கழிச்சுக் குடுங்க" என்று தாள்களை நீட்டுவார்கள். செய்து கொடுத்தால் கட்டுரையின் கடைசியில் நன்றி என்று ஒரு வரி வரும். சில சமயம் அதுவும் வராது.

அப்படிக் கிடந்தவளை டீன் ஒரு நாள் கூப்பிட்டு அனுப்பினார். கல்லூரிக்கு ஆய்வுக்குழு வரப்போகிறதாம். இறுதியாண்டு மாணவர்களுக்கு நடத்தும் பிராக்டிகல் பரீட்சை எவ்வளவு நம்பகமானது என்று அளந்து ஒரு ரிப்போர்ட் வேண்டுமாம். எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. ஒரே மாணவர், ஒரே நோயாளி, இரண்டு பரீட்சகர்கள். இரண்டு பேரும் தனித்தனியாக மார்க்கு போட்டால் கிட்டத்தட்ட ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரே கத்தரிக்காயை இரண்டு கடையில் நிறுத்தால் ஒரே எடை வர வேண்டும் அல்லவா, அவ்வளவுதான் விஷயம்.

பழைய மார்க்குகளை வாங்கிப் பார்த்தேன். பரீட்சைக்கு வெளியூரிலிருந்து ஒரு பேராசிரியர் வருவார், எங்கள் கல்லூரியிலிருந்து ஒருவர் உட்காருவார். ஒவ்வொரு மாணவருக்கும் இரண்டு பேரும் ஒரே மார்க்கு போட்டிருந்தார்கள். கிட்டத்தட்ட ஒரே மார்க்கு இல்லை, அச்சுப் பிசகாமல் ஒரே மார்க்கு. டீன் பூரித்துப் போனார். "பாத்தீங்களா மேடம், நம்ம பரீட்சை எவ்வளவு கரெக்ட்டா இருக்கு!" என்றார்.

எனக்கு எங்கள் அப்பா ஞாபகம் வந்தது. அவர் பிரெஞ்சு லிசே என்ற பள்ளிக்கூடத்தில் படித்தவர். அங்கே மார்க்கெல்லாம் இருபதுக்குத்தான், இருபதுக்கு இருபது என்பதை யாரும் கண்ணால் பார்த்தது கிடையாது. நாங்கள் பள்ளிக்கூடத்திலிருந்து முழு மார்க்கு வாங்கி வந்தால் பாராட்ட மாட்டார். "யாரப் பாத்து எழுதின?" என்றுதான் கேட்பார். சின்ன வயதில் அதற்காக அவரிடம் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்திருக்கிறேன். இப்போது அதே கேள்விதான் என் வாயிலும் வந்தது.

நேராக மெடிசின் துறைப் பேராசிரியரிடம் போனேன். எங்கள் பக்கத்துப் பரீட்சகராக எப்போதும் உட்காருகிறவர் அவர்தான். நல்ல மனிதர், யாரிடமும் குரல் உயர்த்திப் பேசத் தெரியாதவர்.

"சார், ரெண்டு பேரும் தனித்தனியாத்தானே மார்க்கு போடறீங்க?"

"தனித்தனியாத்தாம்மா. ஆளுக்கு ஒரு ஷீட்டு இருக்கே."

"அப்புறம் எப்படி சார் எல்லாருக்கும் ரெண்டு பேரும் ஒரே மார்க்கு?"

அவர் கொஞ்சமும் கூசாமல் சிரித்தார். "அவரு போட்டதப் பாத்துட்டு நான் போடறேன். நம்ம ஊருக்கு விருந்தாளியா வந்திருக்கற மனுஷன். அவரு ஒண்ணு போட்டு நான் வேற போட்டா, அவரத் தப்புன்னு மூஞ்சிக்கு நேரா சொன்ன மாதிரி ஆயிடாதா? நான் அவுங்க ஊருக்குப் போனா அவரும் எனக்கு அப்படித்தான் செய்வாரு."

அட கடவுளே! வந்தவருக்கு மத்தியானம் வஞ்சிரம் வறுவல், சாயங்காலம் பீச் ரோட்டில் காற்று வாங்கல். அந்த உபசாரத்தில் பிள்ளைகளின் மார்க்கையும் சேர்த்துப் பரிமாறியிருக்கிறார்கள். இத்தனை வருஷமாக நடந்ததற்கு மரியாதை என்று வேறு பெயர்.

இது எனக்கு வெறும் கணக்காகப் போயிருக்கும், எங்கள் வீட்டு மாடி அறையில் அந்தப் பெண் குடியிருக்காவிட்டால். பாகூர் பக்கம் ஒரு கிராமம். அப்பா நெல்லும் கரும்பும் போடுகிறவர். கல்லூரியில் என்னை மேடம் என்பாள், வீட்டுப் படியேறியதும் அக்கா. எழுத்துத் தேர்வெல்லாம் முதல் தடவையிலேயே பாஸ் செய்துவிட்டு, மெடிசின் பிராக்டிகலில் மட்டும் இரண்டு முறை ஃபெயிலாகியிருந்தாள். முதல் தடவை வந்த பரீட்சகர், படபடவென்று மனப்பாடம் ஒப்பிக்கிறாய் என்றாராம். அடுத்த தடவை வந்தவர், இழுத்து இழுத்துப் பேசுகிறாய், ஒன்றும் தெரியவில்லை என்றாராம். அவளுடன் படித்தவர்கள் ஹவுஸ் சர்ஜனாகி அதே வார்டில் டாக்டர், டாக்டர் என்று கூப்பிடப்படுகிறார்கள். இவள் தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு நின்றுகொண்டிருந்தாள்.

ஒரு நாள் சாயங்காலம் மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தபோது சொன்னாள். "ஃபெயிலானது கூட எனக்குப் பெருசில்லக்கா. பேஷண்ட் நெஞ்சுல ஸ்டெத் வக்கிறேன், ஒரு சத்தம் கேக்குது. அது நெஜமாவே கேக்குதா, இல்ல நானா நெனச்சுக்கறேனான்னு தெரியல. எனக்குத் தெரியுமா, தெரியாதா? அத மட்டும் யாராவது சொல்லிட்டாப் போதும். தெரியாதுன்னா ஊருக்குப் போயி அப்பாவோட கரும்பு வெட்டறேன்."

இதற்குத்தானே பரீட்சை என்று ஒன்றை வைத்திருக்கிறோம்? தெரியுமா, தெரியாதா என்று சொல்லத்தானே? எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. மறுநாளே டீன் முன்னால் போய் நின்றேன்.

"சார், ரெண்டு பரீட்சகரும் தனித்தனியா மார்க்கு போடணும்னு விதியிலயே இருக்கு. நான் புதுசா ஒண்ணும் கேக்கல. அத ஒரு தடவ செஞ்சு பாக்கலாம்னுதான் கேக்கறேன்."

விதி என்றதும் அவர் இறங்கி வந்தார். "சரி, ஒரு தடவ பாப்போம்" என்றார், கசப்பு மருந்து குடித்த முகத்தோடு.

வார்டின் இந்தக் கோடியில் ஒரு நாற்காலி, அந்தக் கோடியில் ஒரு நாற்காலி, நடுவில் ஒரு ஸ்கிரீன். மாணவர் நோயாளியைப் பார்த்துவிட்டு முதலில் ஒருவரிடம் போய்ச் சொல்ல வேண்டும், பிறகு அதையே இன்னொருவரிடம் சொல்ல வேண்டும். மார்க்கு தனித்தனி உறையில் போகும். கேட்பதற்குச் சுலபமாகத்தான் இருக்கிறது. நடத்துவதற்குள் என் உயிர் போய்விட்டது. டீ கொண்டுவந்தவர் பழக்க தோஷத்தில் இரண்டு டம்ளரையும் ஒரே மேஜையில் வைத்தார், அவரைத் திருப்பி அனுப்பினேன். பேராசிரியர், "ஃபேன் காத்தே வரலம்மா" என்று நாற்காலியைக் கொஞ்சம் கொஞ்சமாக விருந்தாளி பக்கம் நகர்த்திக்கொண்டே போனார். நான் பின்னாலேயே போய்ப் பழைய இடத்துக்கு இழுத்துப் போட்டேன். வகுப்பில் பேசிக்கொண்டே இருக்கிற பையன்களைப் பிரித்து உட்காரவைத்த கதைதான்.

அன்றைய நோயாளிகளில் ஒருவர், பிள்ளைச்சாவடிக் குப்பத்திலிருந்து வருகிற ஒரு அம்மா. மீன் விற்கிறவர். இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிப்போனவர். அந்த வால்வு வழியாக ரத்தம் போகும்போது மெல்லிய உறுமல் ஒன்று கேட்குமாம். பரீட்சைக்கு அருமையான கேஸ் என்று ஒவ்வொரு தடவையும் போன் போட்டு வரவழைப்பார்கள், பஸ் காசும் மத்தியானச் சாப்பாடும் உண்டு. ஷார்ட் கேஸ் என்கிற இந்த மாதிரிச் சின்னச் சோதனைகளில் மாணவர் நோயாளியிடம் நோயைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கக்கூடாது. தொட்டுப் பார்த்து, ஸ்டெத் வைத்துக் கேட்டே கண்டுபிடிக்க வேண்டும். நோயாளியும் பேசக்கூடாது. நர்ஸ் காலையிலேயே வந்து மிரட்டிவிட்டுப் போவார்: "யாரு என்ன கேட்டாலும் வாயத் தொறக்கக் கூடாது. பசங்களுக்குச் சொல்லிக் குடுத்துட்டீங்கன்னா பரீட்சையே வீணாப் போயிடும், தெரியுதா?" மார்க்கெட்டே அதிரக் கத்தி வியாபாரம் செய்கிற அந்த அம்மா, உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டும். "படுத்துக் கெடக்கறதுகூட ஒண்ணுமில்லம்மா, பேசாம கெடக்கறதுதான் முடியல" என்று என்னிடம் ஒருமுறை சொன்னது.

எங்கள் மாடிப் பெண்ணுக்கு அந்த அம்மாதான் கிடைத்தது. பார்த்துவிட்டு இரண்டு பேரிடமும் போய்ச் சொன்னாள். நான் தூரத்தில் நின்று அவள் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் உறைகளைப் பிரித்தோம். மார்க்குகள் ஆளுக்கொரு பக்கம் இழுத்தன. ஒருவர் தூக்கி வைத்த பிள்ளையை இன்னொருவர் கீழே போட்டிருந்தார். எனக்கு உள்ளுக்குள் குஷி தாங்கவில்லை. முதல் முறையாக இந்தப் பரீட்சை உண்மையைப் பேசியிருக்கிறது என்று நினைத்தேன். அப்புறம் எங்கள் பெண்ணின் மார்க்கு வந்தது. விருந்தாளி நல்ல மார்க்கு போட்டிருந்தார். எங்கள் பேராசிரியர் ஃபெயில் மார்க்கு போட்டிருந்தார், அதுவும் நன்றாகக் கீழே.

இரண்டு பேரும் ஒத்துப்போகாவிட்டால் என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. அப்படி ஒன்று நடந்ததே இல்லையே! டீன் இரண்டு பேரையும் உட்காரவைத்துப் பேசச் சொன்னார்.

"தெளிவாத்தானே சொன்னா அந்தப் பொண்ணு" என்றார் விருந்தாளி. அவர் மதுரைப் பக்கத்துக்காரர். "ரொம்ப மெல்லிசான சத்தம், இடது பக்கம் ஒருக்களிச்சுப் படுத்தாத்தான் கேக்குதுன்னு சொன்னா."

"எங்கிட்ட தயங்கித் தயங்கி சொன்னா சார். ஏற்கெனவே ரெண்டு தடவ ஃபெயிலான பொண்ணு அது" என்றார் எங்கள் பேராசிரியர்.

"ஓ, உங்களுக்குத் தெரிஞ்ச பொண்ணா? அப்ப நீங்க சொல்றதுதான் சரி சார். நான் ஒரு நாள் வந்துட்டுப் போறவன்."

"சே சே, என்ன சார் நீங்க! நீங்க போட்டா போட்டதுதான்."

சொல்லிக்கொண்டே இவர் தன் மார்க்கை அடித்துவிட்டு அவர் போட்டதை எழுதினார். அதே நேரத்தில் அவர் தன் மார்க்கை அடித்துவிட்டு இவர் போட்டதை எழுதினார். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு நிமிர்ந்தபோது மார்க்கு இடம் மாறி உட்கார்ந்திருந்தது, அவ்வளவுதான். மறுபடியும் மாற்றினால் மறுபடியும் அடிக்க வேண்டும், தாள் அசிங்கமாகிவிடும். "சரி விடுங்க. மேடம், நீங்க சராசரி போட்டுடுங்க" என்றார் டீன்.

நான் என்னத்தைப் போட? இடம் மாறினாலும் சராசரி மாறுமா? பாஸுக்குக் கொஞ்சம் கீழே வந்து நின்றது. மூன்றாவதாக ஒருவர் அவளைக் கூப்பிட்டுக் கேட்கட்டும் என்று கத்தினேன். ஆமாம், கத்தத்தான் செய்தேன். விருந்தாளிக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றார்கள். நாற்காலிகளைச் சேர்த்தே போட்டிருந்தால் பேராசிரியர் வழக்கம்போல விருந்தாளியைப் பார்த்து எழுதியிருப்பார், அவளும் பாஸாகியிருப்பாள். நியாயம் கேட்டு நான் தள்ளிப் போட்ட நாற்காலி அவள் தலையில் வந்து விழுந்தது.

வீட்டுக்கு வந்து அவளிடம் மறைக்காமல் சொன்னேன். "யாராச்சும் சரின்னு சொன்னாங்களாக்கா?" என்று கேட்டாள்.

"ஒருத்தர் சரின்னாரு. அப்புறம் தப்புன்னுட்டாரு."

"இன்னொருத்தர்?"

"அவரு மொதல்ல தப்புன்னாரு. அப்புறம் சரின்னுட்டாரு."

சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது, கொஞ்ச நேரத்தில் அது அழுகையாகவே ஆகிவிட்டது. "அப்ப எனக்குத் தெரியுமா, தெரியாதாக்கா?" என்றாள். தோசை வார்த்துக் கொடுத்தேன்.

டீன் என் கணக்கைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "இத அனுப்பினா காலேஜு மானம் கப்பலேறிடும் மேடம். அடுத்த தடவ நாற்காலியெல்லாம் பழையபடி போட்டுடலாம். அந்த மார்க்க வச்சு ரிப்போர்ட் எழுதுங்க." நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். சுவரிடம் பேசியிருந்தால் எதிரொலியாவது வந்திருக்கும்.

ஆறு மாதம் கழித்து அடுத்த பரீட்சை. நான் அந்த வார்டுப் பக்கமே போகவில்லை, என் அறையில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நாற்காலிகள் ஒட்டிப் போடப்பட்டன. புதிதாக வேறொரு விருந்தாளி வந்தார். சாயங்காலம் டீன் அறையிலிருந்து எனக்கு ஒரு பெட்டி பாதுஷா வந்தது. ஒவ்வொரு மாணவருக்கும் இரண்டு பரீட்சகர்களும் ஒரே மார்க்கு. எங்கள் மாடிப் பெண்ணும் பாஸ், நல்ல மார்க்கிலேயே பாஸ். கோபத்தையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு, அந்தப் பாதுஷாவையே எடுத்துக்கொண்டு ஸ்கூட்டியில் பறந்து வந்தேன்.

அவள் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"என்னடி, டாக்டராயிட்டு மூஞ்ச இப்படி வச்சிருக்க?"

"அதே பிள்ளைச்சாவடி அம்மாதாங்க்கா எனக்கு வந்துது. ஸ்டெத் வச்சேன். ஒண்ணுமே கேக்கல. ஒருக்களிச்சுப் படுக்க வச்சுக் கேட்டேன், மூச்சப் புடிக்கச் சொல்லிக் கேட்டேன், சுத்தமா ஒண்ணுமில்ல. சரி, நமக்குத்தான் காது வேல செய்யல, போன தடவ கேட்டதயே சொல்லிடுவோம்னு அப்படியே ஒப்பிச்சேன். ரெண்டு பேரும் தலைய ஆட்டி, வெரி குட்னு சொன்னாங்க."

"அவங்க ஸ்டெத் வச்சுப் பாத்தாங்களா?"

"இல்லக்கா. அந்த அம்மாவத்தான் எல்லாருக்கும் தெரியுமே. என்ன கேஸுன்னு ஏற்கெனவே சொல்லி வச்சிருந்தாங்க."

"சரி, பாஸாயிட்ட இல்ல, விடு" என்றேன்.

"இன்னும் இருக்குக்கா. வெளிய பஸ் ஸ்டாப்புல அந்த அம்மா நின்னுச்சு. பாஸா கண்ணுன்னு கேட்டுது. ஆமாங்க, உங்க வால்வு சத்தந்தான் என்னைக் காப்பாத்துச்சுன்னேன். எந்த வால்வு, அதத்தான் ரெண்டு மாசம் முன்ன மெட்ராஸ்ல பலூன் வச்சு விரிச்சுட்டாங்களே, இப்ப மூச்சே வாங்கறதில்லன்னு சொல்லுது! அய்யோ, அத ஏம்மா உள்ள சொல்லலன்னு கேட்டேன். வாயத் தொறக்கக் கூடாதுன்னு நர்சம்மா சொல்லியிருக்காங்களே, உங்க பரீட்சை வீணாப் போயிடாதான்னுது."

நான் பாதுஷாப் பெட்டியோடு படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். இல்லாத சத்தத்தை இருக்கிறது என்று ஒரு மாணவி சொல்லியிருக்கிறாள், இரண்டு பேராசிரியர்கள் ஆமாம் என்று மார்க்கு போட்டிருக்கிறார்கள். இதைவிடப் பெரிய ஆதாரம் எனக்கு எந்த ஜென்மத்தில் கிடைக்கும்?

"அப்ப என் காது சரியாத்தான் இருந்திருக்கு, இல்லக்கா?" என்றாள். "போன தடவ சத்தம் இருந்துச்சு, கேட்டுது. இந்தத் தடவ இல்ல, கேக்கல."

"ரெண்டு தடவயும் சரிடி! நாளைக்குக் காலையிலயே போயி டீன் மேஜையில போட்டு உடைக்கறேன் பாரு."

அவள் குனிந்து செருப்பைக் கழற்றினாள். "சொன்னா என்ன செய்வாங்க?"

என் வேகம் அங்கேயே நின்றுபோனது. "தப்பாச் சொல்லி பாஸானேன்னு உன்ன மறுபடி எழுதச் சொல்லுவாங்க."

"அந்த ரெண்டு சாரையும்?"

"அவங்கள என்ன செய்வாங்க? பீச்சுக்குக் கூட்டிட்டுப் போவாங்க."

அவள் சிரிக்கவில்லை. "நீங்க சொல்லணும்னா சொல்லுங்கக்கா. எழுதறேன். ஆனா எனக்குப் பயம் பரீட்சை இல்ல. நாளைக்கு டியூட்டியில ஒருத்தர் நெஞ்சுல ஸ்டெத் வச்சு ஒண்ணும் கேக்கலன்னா, ஒண்ணும் கேக்கலன்னு நான் சொல்லணும். இன்னிக்கு எனக்கு அந்தத் தைரியம் வரல. நாலு பரீட்சை எழுதி, கேக்காததக் கேட்டதாச் சொல்லத்தான் கத்துக்கிட்டேன்."

அவளை ஐந்தாவது தடவை அந்த வார்டில் கொண்டுபோய் நிறுத்த என்னால் முடியாது. அவள் ஹவுஸ் சர்ஜனாக வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு கிளம்பிப் போன அன்றைக்குத்தான் டீன் மேஜையில் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டேன். பரீட்சகர்களிடையே முழு ஒற்றுமை என்று எழுதியிருக்கிறேன். பொய் ஒரு எழுத்துக்கூட இல்லை. இரண்டு பரீட்சகர்களும் மாணவியும் ஒரே மாதிரிதான் சொன்னார்கள். அந்த அம்மாவின் இதயம் மட்டும்தான் வேறு சொன்னது, அதன் வாயையும் நாங்கள்தான் மூடி வைத்திருந்தோம்.